கன்னுக்குட்டி தின்ன மாடஸ்டி

ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்ட்ல வரும். எங்க பக்கம் சொர்ணவாரி நெல் அறுப்பும் அப்பதான். சித்திரையில நட்டது ஆடி, ஆவணியில தலை சாஞ்சு நிக்கும்போது, காமிக்ஸ் வாங்க ஈரோடு போறேன்னு வீட்ல சொல்ல முடியுமா? அறுப்பு மெஷினுக்கு வாரக் கணக்கா காத்துக் கிடந்து, அது வர்ற அன்னிக்கு ஆள் இல்லன்னா அடுத்த ஊருக்குப் போயிடும். அதனால வருஷா வருஷம் ஈரோடு எனக்குக் கிடைக்கறதில்ல. ஐம்பது வயசு தாண்டின மனுஷனுக்கு காமிக்ஸ் எதுக்குன்னு கேப்பீங்க. ஒரே ஒரு புஸ்தகம்தாங்க வேணும். அதுவும் எனக்கில்ல.

1984 ஜூலை மாசம் எங்களுக்கெல்லாம் திருவிழா மாதிரி. அதுவரைக்கும் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ்தான் எங்களுக்கு உலகம். 1972-ல இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்சது அது. கரண்ட் ஷாக் அடிச்சா உடம்பு மறைஞ்சு, இரும்புக் கை மட்டும் தெரியும். எங்க ஊருக்குக் கரண்ட் வந்த புதுசுல சுவிட்ச்ல விரல் வெச்சுப் பாத்து அடி வாங்கின பசங்க உண்டு, நானும் அதுல ஒருத்தன். அந்த ஜூலையில ஒரே மாசத்துல ரெண்டு புதுசு வந்தது. தினத்தந்தி குடும்பத்திலிருந்து ராணி காமிக்ஸ், முதல் இதழ் ஜேம்ஸ் பாண்ட் கதை, 'அழகியைத் தேடி'. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ், முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'.

மாடஸ்டி பிளைசி லண்டன் பேப்பர்ல 1963-லேருந்து தினம் கொஞ்சமா படக்கதையா வந்தவ. எழுதினவர் பீட்டர் ஓ'டானல். கூட இருக்கற கார்வின் கத்தி எறியறதுல கில்லாடி. பொம்பளை ஒருத்தி முன்னால நின்னு சண்டை போட, ஆம்பளை அவளுக்குத் துணையா வர்றதை நாங்க அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

அந்த லயன் முதல் இதழ் என் கூட்டாளிகிட்ட இருந்தது. கும்மிடிப்பூண்டி ஸ்கூல்ல ஒரே பெஞ்சு. அவங்க நைனா சந்தைக்குப் போனப்ப வாங்கித் தந்தது. பழுப்பு அட்டை போட்டு, மேல பேரு எழுதி, இரவல் கேட்டாலே மூஞ்சியைத் திருப்பிக்குவான். 1985 மே மாசம் பரீட்சை லீவுல கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரத்துக்கு வாங்கினேன்.

இனிமே சொல்றது என் பொண்டாட்டிக்கே தெரியாது.

அந்த வாரம் மாமாவோட மெட்ராஸ் போனேன். சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட். செங்கல் சிவப்புல பெரிய கட்டடம், உள்ள பழைய புஸ்தகம், கிளி, கிராமபோன்னு கிடைக்காத சாமானே கிடையாது. ஒரு கடையில முத்து காமிக்ஸ் பழசு ரெண்டு: 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்'. ரெண்டும் மாயாவி. கையில காசில்ல. கடைக்காரர் என் பையை எட்டிப் பாத்துட்டு, "அந்தப் புதுசைக் குடுத்துட்டு ரெண்டையும் எடுத்துக்கோ தம்பி, காசு கொண்டாந்தா திருப்பித் தரேன்"னாரு. குடுத்துட்டேன். வேர்க்கடலை பறிக்கப் போனா கூலி கிடைக்கும், ரெண்டு வாரத்துல மீட்டுடலாம்னு கணக்கு.

மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. டீக்கடையில பேப்பர் படிச்சவர் சத்தமா சொன்னப்ப, சட்டைப் பையில கூலிக் காசை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கூட்டாளிகிட்ட, "கன்னுக்குட்டி தின்னுடுச்சுடா"ன்னேன். அவன் ஒண்ணும் கேக்கல. மறு வருஷம் பெஞ்சு மாறி உக்காந்தான், அவ்வளவுதான்.

அப்புறம் அவங்க நிலம் கம்பெனிக்குப் போச்சு. வந்த பணம் ரெண்டு கல்யாணத்துல கரைஞ்சுது. இப்ப அவன் சிப்காட்ல ஒரு கம்பெனி கேட்ல கான்ட்ராக்ட் செக்யூரிட்டி, பன்னெண்டு மணி நேரம் நிக்கணும். நான் பால் கேனோட அந்த ரோட்லதான் போறேன். கை தூக்குவான், நானும் தூக்குவேன். நாப்பது வருஷமா அதே கணக்கு.

பழைய இதழ் கிடைக்கறது லேசில்லைங்க. மட்டமான காகிதம், துருப்பிடிக்கற பின்னு, மழைக்கால ஈரம். அதுக்கெல்லாம் தப்பிச்சது எடைக்கடையில கிலோ கணக்குல போயிடும். பத்திரமா வெச்சிருக்கறவங்க விக்க மாட்டாங்க. லயன்ல 2010-ல 'இரத்தப் படலம்' மொத்தக் கதையும் ஒரே குண்டு புஸ்தகமா கறுப்பு வெள்ளையில வந்துச்சு. தீந்ததும் பழைய புஸ்தகச் சந்தையில விலை ஆயிரக்கணக்குல ஏறிடுச்சு. 2018-ல கலர்லயே மறுபடி போட்டாங்க, படிக்கறவங்களுக்குத் திருப்தி. என் பாடு வேற. கதையைத் திருப்பிக் குடுத்தா என் கடன் தீராது, அந்த 1984 புஸ்தகமே வேணும்.

கும்மிடிப்பூண்டி லோக்கல் இப்ப கிளம்புற மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் ஸ்டேஷன், எரிஞ்ச மார்க்கெட் இருந்த எடத்துலதான் நிக்குது. எதுக்கு மெட்ராஸ் போனாலும் அங்கதான் எறங்கணும். எறங்கினா பக்கத்துல அல்லிக்குளம் கடைகளுக்கு ஒரு நடை போயிடுவேன். போன தை மாசம் ஒருத்தர்கிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டுப் போனேன். நாலு மூட்டை நெல்லு விலை சொன்னாரு. சரின்னு மனசைத் தேத்திக்கிட்டு, பிரிச்சுப் பாத்தா நடுவுல எட்டுப் பக்கம் காணோம். முழுசில்லாததை எப்படிங்க குடுக்கறது? வெறுங்கையோட வந்தேன்.

போன வாரம் அறுப்பு முடிஞ்சு, நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டுட்டுத் திரும்பறப்ப வண்டியைக் கம்பெனி கேட்ல நிறுத்திட்டேன். ஷிப்ட் மாறுற நேரம். அவன் தொப்பியைக் கழட்டி நெத்தியைத் துடைச்சுக்கிட்டு இருந்தான். நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன். மூர் மார்க்கெட், மாயாவி ரெண்டு, தீ, பொய்.

கொஞ்ச நேரம் ரோட்டையே பாத்தான். லாரி ஒண்ணு இரும்புக் கழிவு ஏத்திக்கிட்டுப் போச்சு.

"கன்னுக்குட்டி தின்னலன்னு எனக்கு அப்பவே தெரியும்டா."

"எப்படிடா?"

"உங்க பசு கன்னு போட்டதே அந்த ஆடியிலதான். எங்க நைனாதான வந்து கையைப் புடிச்சு இழுத்தாரு."

எனக்கு வாய் வரல. அவனே கேட்டான்.

"அந்த மாயாவி ரெண்டும் என்ன பண்ண?"

'பாம்புத் தீவு' கரையான் அரிச்சுப் போச்சு. 'நாச அலைகள்' இருக்கு, பரண்ல டிரங்குப் பெட்டியில, வேப்பிலை போட்டு வெச்சிருக்கேன். சொன்னேன்.

"அப்ப அது என்னுதுடா. என் மாடஸ்டிக்குத்தான வாங்குன? ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி இல்ல, எடுத்துட்டு வா."

நேத்து பெட்டியை எறக்கித் தூசி தட்டினேன். பழுப்பு அட்டை ஒண்ணு போடணும். உங்க வீட்டுப் பரண்ல யாருகிட்டயாவது லயன் முதல் இதழ் இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. அட்டை கிழிஞ்சிருந்தாப் பரவாயில்ல, உள்ள பக்கம் மட்டும் முழுசா இருக்கணும்.