வவுச்சர் இல்லாத வெளிச்சம்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம்ம ஊர்ப் பழமொழி. லக்னோவில் டிசம்பர் மாதத்தில் அதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். மூடுபனி விலகி மதியம் கொஞ்சம் சூரியன் எட்டிப் பார்த்தால் போதும், தெருவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 2022ல் அப்பாவை மாயவரத்திலிருந்து எங்களோடு அழைத்துக்கொள்வது என்று முடிவானது. அம்மா போனபிறகு அங்கே தனியாக இருந்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பேப்பர் படிப்பதுதான் அவருடைய ஒரே பொழுதுபோக்கு. ஆகவே வீடு தேடும்போது நான் பார்த்ததும் வெளிச்சத்தைத்தான். ஒரு பில்டரின் புரோஷரில், படுக்கையறை ஜன்னல் வழியாகச் சாய்வாக வெயில் விழுந்து கட்டில் கால் வரை நீண்டிருந்தது. தங்கமணியிடம் காட்டினேன். "மாமாவுக்கு இந்த ரூம்தான்" என்றாள். மறுநாளே ஒரு லட்சம் டோக்கன் கட்டிவிட்டேன்.

பெண் அப்போது ஆர்க்கிடெக்சர் இரண்டாம் வருஷம். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் அறைகளை வரைந்து விளக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, பிளான் குடுங்க, நம்ம வீட்டையே ப்ராக்டிஸ் பண்றேன்" என்றாள். குடுத்தேன். ராத்திரி முழுக்க லேப்டாப் உறுமியது. காலையில் வந்த படத்தில் அறை இருட்டுக் கசம்! "புரோஷர்ல இப்படி இல்லையே?" என்றேன். "அவங்க கண்ணுக்குத் தெரியாம சீலிங் கிட்ட ரெண்டு மூணு லைட் வெச்சிருப்பாங்கப்பா. எல்லாரும் பண்றதுதான்" என்றாள்.

பி.காம் படித்த மூளைக்கு அது உறைத்தது. எங்கிருந்து வந்தது என்று வவுச்சர் இல்லாத வரவு! அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். (அவளுக்கு இதில் பெரிய சந்தோஷம் இல்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.)

எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். ஒளி ஜன்னல் வழியாக வந்து தரையில் பட்டு, அங்கிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து கூரைக்கும் தெறிக்கிறது. அறையின் முக்கால்வாசி வெளிச்சம் இப்படிக் கைமாறி வந்ததுதான். நல்ல வெள்ளைச் சுவர்கூட வாங்கியதில் 80 சதவீதம்தான் திருப்பித் தரும். 100, 80, 64, 51... நாம் படித்த அதே குறைந்து செல்லும் மதிப்பு முறைத் தேய்மானம்! கருந்தேக்கு அலமாரி என்றால் ஒரே அடியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தெரியாதவர்கள் சுவரைச் சுத்த வெள்ளையாக, அதாவது நூற்றுக்கு நூறு திருப்பித் தருவதாக வைத்துவிடுவார்கள். தேய்மானமே போடாத பாலன்ஸ் ஷீட் மாதிரி அறை பளபளக்கும், ஆனால் பார்க்கும்போதே எங்கோ இடிக்கும். மாறாக, எத்தனை முறை தெறிக்கலாம் என்ற எண்ணை ரொம்பக் குறைத்துவிட்டால் மூலைகள் செத்துப்போகும். எங்கள் இருட்டுப் படத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

இன்னொன்று, வெளியே உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ், அறைக்குள் சில நூறு. நம் கண் சமாளித்துக்கொள்ளும், கேமராவால் முடியாது. அறை தெரிய வேண்டுமானால் ஜன்னல் வெளுத்துத்தான் போகும். அதுவும் தெரிந்து, அறையும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

1984ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பெட்டியை வைத்துப் பார்த்தார்களாம். பக்கச் சுவர்களுக்கு வேறு வேறு வண்ணம். அந்த வண்ணம் பக்கத்து வெள்ளையில் ஒட்டுகிறதா என்பதுதான் பரீட்சை. பிறகு நிஜமாகவே ஒரு பெட்டி செய்து, கம்ப்யூட்டர் படத்தோடு ஒப்பிட்டார்கள். எங்கள் ஆடிட்டர்கள்கூட இவ்வளவு செய்வதில்லை!

எண்களைச் சரிசெய்தபின் பாதி இருட்டு விலகியது. ஆனால் வெயில்? லக்னோவின் அட்சரேகையைப் போட்டு, டிசம்பர் 21, நண்பகல் என்று சூரியனை வைத்தாள். தெற்கே 40 டிகிரி உயரத்தில் நின்றது. எங்கள் ஜன்னலோ வடக்கு. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை அந்த அறைக்குள் ஒரு பொட்டு வெயில் விழ வழியில்லை. குளிரும் அந்த மாதங்களில்தானே!

விற்பனைப் பையனிடம் போய்க் கேட்டேன். பொடி எழுத்தில் 'ஓவியரின் கற்பனை' என்று போட்டிருப்பதைச் சிரித்துக்கொண்டே காட்டினான். டோக்கனில் 75 ஆயிரம் திரும்பி வந்தது.

போன 25 ஆயிரத்தைவிட வேறொன்று உறுத்தியது. அதே கட்டடத்தில் அதே பக்கத்து அறைக்காக ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கும் அவர் மகனுக்கும் கூட்டாக வீட்டுக்கடன் கொடுத்தது எங்கள் கிளைதான். பத்திரம், மதிப்பீடு, வருமானம் எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். ஃபைலில் அந்த வெயில் படமும் இருந்தது. சட்டப்படி எதிலும் பிசகில்லை. இப்போதெல்லாம் கடன் கேட்டு வருபவர்களிடம் ஜன்னல் எந்தத் திசை என்று கேட்கிறேன். படிவத்தில் இல்லாத கேள்வி. சிலர் வாஸ்து பைத்தியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் தெற்கு ஜன்னலோடு ஒரு பழைய ஃபிளாட். வாங்குவதற்கு முன்பே பெண் அதை வரைந்து பார்த்தாள். டிசம்பர் நண்பகலில் வெயில் எட்டரை அடி உள்ளே வரும் என்றது கணக்கு. குடிபோனபிறகு அதே நாளில், நல்லவேளையாக மூடுபனி சீக்கிரம் விலகியதால், டேப் வைத்து அளந்தேன். ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. சன்ஷேடை வரைய மறந்திருந்தோம்! அப்பாவின் நாற்காலியை ஒன்றரை அடி முன்னே தள்ளிப் போட்டேன்.

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டுக்குச் செங்கல் நிறத்தில் பெயிண்ட் அடித்தார். அப்பா பேப்பரைத் தாழ்த்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டா, நம்ம சீலிங்குக்கு எப்படா ரோஸ் கலர் அடிச்சே?"