ஏணி ஏறாத கிராணி

வான் பொழியும் நீருக்கு விலையில்லை. அதனைத் தூய்மையாய்க் காப்பதற்கோ விலையுண்டு. அவ்விலையை உழைப்பால் கொடாத நாம், நம் குழந்தையின் காய்ச்சலால் கொடுத்தோம்.

1998ஆம் ஆண்டுத் தண்ணீர்ப் பஞ்சத்தின் பின்னர், மழைநீர் சேமிப்புக்கென மலேசிய அரசாங்கம் 1999இல் வழிகாட்டி வெளியிட்டது. கணக்கும் எளிது. 40 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்யின் ஏறக்குறைய 400 லிட்டர் சேரும். கணக்கெழுதும் கிராணியல்லவா நாம்? மகிழ்ந்து தொட்டி வைத்தோம்.

லயத்து வீடுதோறும் சென்று, "தேங்கிய நீரைக் கொட்டுங்கள்" என்று உபதேசித்த நாம், நம் வீட்டுப் பீலியை அண்ணாந்து பார்த்தோமில்லை. பீலியைச் சருகு அடைத்தது; தொட்டியின் வலை கிழிந்தது. டிங்கிக் காய்ச்சலால் நம் மகள் ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தாள். "விதி" என்றனர் உறவினர். தொட்டியில் நெளிந்த புழுக்களைக் கண்ட நாம் அவ்வாறு சொல்ல நாணினோம்.

ஏடிஸ் கொசு முட்டையினின்று வளர்ந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். உலர்ந்த சுவரில் ஒட்டிய முட்டையோ பல மாதம் அழியாது. ஆதலின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரையும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

இன்று ஞாயிறுதோறும் ஏணி ஏறுகின்றோம். சருகை அகற்றி, வலையைச் சோதிக்கின்றோம். மழை தொடங்குங்கால் வரும் அழுக்கு நீரை வெளியே விடுகின்றோம். சேர்ந்த நீர் செடிக்கும் துணிக்குமே, குடிப்பதற்கன்று.

ஏணியின் அடியைப் பற்றி நிற்பவள் நம் மகளே. "அப்பா, மூலையையும் பார்த்தீர்களா?" என்கிறாள். பார்க்கின்றோம்.