திரை சொன்ன சொல்

ஸ்ரீராம்புரம் என்றவுடன் பெங்களூர்த் தமிழருள் முதியவர் பலருக்கு ஆலைச் சங்கொலியே முதலில் நினைவுக்கு வரும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் பஞ்சாலை வேலை நாடி வந்த குடும்பங்கள் இங்கே சுவரோடு சுவராக வீடமைத்து வாழ்ந்தன. அச்சங்குகள் ஓய்ந்து நெடுநாளாயிற்று. 2014 மார்ச்சுத் திங்கள் முதல் மெட்ரோ வண்டி நம் பகுதியின் தலைக்குமேல் ஓடுகிறது. ஆயினும், பழுதான பொருளைத் தூக்கியெறிய மனம் வராத குணம் மட்டும் இத்தெருக்களை விட்டு நீங்கவில்லை. மிதிவண்டி, தையற்பொறி, மின்விசிறி ஆகியவற்றின் வரிசையில் இன்று மடிக்கணினியும் சேர்ந்துவிட்டது. அண்டை அயலார் கொணரும் மடிக்கணினிகளை ஊதியம் கருதாமல் சில ஆண்டுகளாகப் பழுதுபார்த்து வருகிறேன். அப்பணியில் நான் இழைத்த ஒரு பிழையை அன்பர்களிடம் மறைக்காமல் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்னிடம் வந்தவற்றுள் பல, ஓசூர் எல்லையைக் கடந்து வந்தவை. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று, யாவரும் அறிந்த விண்டோஸ். மற்றொன்று, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு ஆக்கி 2007இல் வெளியிட்ட 'பாஸ்'. படித்து முடித்த பிள்ளைகள் வேறு கணினி வாங்கியதும் பழையது அத்தை வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ கைமாறும். ஆண்டுகள் செல்லச் செல்ல விண்டோஸ் நகர மறுக்கும். கிருமி புகுந்து முடங்கும். அப்போதுதான், அதுவரை எவரும் தொடாத லினக்ஸின் பக்கம் கை செல்லும்.

லினக்ஸ் ஒருவர் ஆக்கிய பொருளன்று. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், எவரும் திறந்து பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் அதற்குரிய கருநிரலை எழுதத் தொடங்கினார். பின்னர் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கை கொடுத்தனர். நம் பெங்களூரிலும் 2001 முதல் 2012 வரை லினக்ஸ் அன்பர்கள் கூடி மாநாடுகள் நடத்தினர். மாநாட்டு மண்டபத்தில் பேசப்பட்ட பொருளே நம் சந்து வீடுகளுக்கும் பயன்பட்டது எப்படி? விலை கொடுக்க வேண்டுவதில்லை. பழைய பொறியிலும் ஓடும். விண்டோஸ் 10 பதிப்பிற்குரிய பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தப்பட்டபோது, அடுத்த பதிப்பை ஏற்க இயலாத கணினிகள் எத்தனையோ வீடுகளில் இருந்தன. அவற்றுள் பலவற்றுக்கு இன்னும் சில ஆண்டு வாழ்வு தரவல்லது லினக்ஸே.

இவற்றினும் மேலான குணம் ஒன்று அதற்கு உண்டு. நோயை அது தன் வாயாலேயே சொல்லும். இயங்கத் தொடங்கியது முதல் தன் உறுப்புகள் ஒவ்வொன்றும் என்ன செய்தது, எங்கே தடுக்கியது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுவது போல் வரிவரியாக எழுதி வைக்கிறது. வேண்டியவர் எடுத்துப் படிக்கலாம். படிக்கும் பொறுமை நமக்கு வேண்டும். அப்பொறுமை தொடக்கத்தில் எனக்கு இருந்ததில்லை.

2017ஆம் ஆண்டு. எங்கள் தெருவில் வாழும் அம்மையார் ஒருவர் ஒரு மடிக்கணினியைத் துணிப்பையில் இட்டுக் கொணர்ந்தார். அவரை நான் அக்கா என்றே அழைப்பேன். அவருடைய தங்கை மகன் கொடுத்த கணினி அது. மின்கலம் செத்துப்போனதால் எந்நேரமும் கம்பி செருகியே இயக்கி வந்தனர். முதல்நாள் மாலை மின்சாரம் தடைப்பட்டதும் அது சட்டென்று அணைந்திருக்கிறது. மீண்டும் இயக்கியபோது கறுத்த திரையில் வெள்ளை எழுத்துகள் சில தோன்றி, 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல்லுடன் நின்றுவிட்டன.

நான் அவ்வெழுத்துகளைப் படிக்கவில்லை. "தளம் கெட்டுவிட்டது, அக்கா. புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்" என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவும் இல்லை. இரண்டு மணி நேரத்தில் வட்டு முழுவதையும் அழித்துப் புதிய லினக்ஸை நிறுவிக் கையில் கொடுத்தேன். மறுநாள் அவர் வந்து, "அதில் மாமாவின் படங்கள் இருந்தனவே, தம்பி, அவை எங்கே?" என்று கேட்டார். முந்திய ஆண்டு மறைந்த கணவருடைய படங்கள். பழைய கைப்பேசியிலிருந்து அதில் ஏற்றி வைத்திருந்தாராம். அந்தக் கைப்பேசியும் அப்போது இல்லை. நான் என்ன சொன்னேன்? "வட்டு முன்பே போய்விட்டதக்கா, எதுவும் மிஞ்சவில்லை" என்றேன். அது பொய்.

பல மாதங்களுக்குப் பின்னரே வேறொரு கணினியில் அதே கறுப்புத் திரையைக் கண்டு, முதன்முறையாக அதனை முழுவதும் படித்தேன். கோப்புகளின் அடுக்கில் முரண்பாடு நேர்ந்திருக்கிறது, 'எஃப்எஸ்சிகே' என்னும் கட்டளையைக் கையால் இயக்குக என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது. நோயும் அங்கே, மருந்தும் அங்கே. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால், எந்தக் கோப்பு வட்டில் எங்கே உள்ளது என்று காட்டும் அட்டவணை குழம்பிவிடுவது உண்டு. அட்டவணையைச் சரிசெய்வதே அக்கட்டளையின் தொழில். இயக்கினேன், சில நிமிடங்களில் கணினி எழுந்துவிட்டது, ஒரு கோப்பும் கெடவில்லை. அக்காவின் திரையிலும் இவ்வரியே இருந்திருக்கும் என்று உணர்ந்தபோது என் கை நடுங்கியது. அழிந்த படங்களைக் கூட, புதிய பதிவுகள் அவற்றின்மேல் ஏறாத வரை தேடி எடுக்கும் கருவிகள் உள்ளன என்பதைப் பின்னர் அறிந்தேன். அதற்குள் அவர் பேரன் அக்கணினியில் திரைப்படங்களை நிரப்பி மாதங்கள் பலவாகியிருந்தன.

அதன்பின் என் வழக்கம் மாறிற்று. திரையில் கண்டதை முதலில் தாளில் எழுதிக்கொள்வேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பேன். ஒருநாள் ஒரு மாணவர், கம்பியில்லா இணைப்பு வரவில்லை, உள்ளிருக்கும் அட்டை பழுது என்று உறுதியாகச் சொன்னார். கட்டளை ஒன்றைக் கேட்டதும், இணைப்பு வன்பொருளாலேயே தடுக்கப்பட்டுள்ளது என்று கணினி விடை தந்தது. விளிம்பைத் தடவிப் பார்த்தால், அங்கே சிறு பொத்தான் ஒன்று அணைந்த பக்கம் தள்ளப்பட்டிருந்தது! மற்றொரு கணினியில் எந்த வலைத்தளமும் திறக்கவில்லை. கணினியின் கடிகாரம் தவறு என்று உலாவி எச்சரித்துக்கொண்டே இருந்தது, எவரும் படிக்கவில்லை. நேரத்தை இணையத்தின்வழித் தானே திருத்தும் ஏற்பாடும் அதில் நிறுத்தப்பட்டிருந்தது. நாணயம் போன்ற சிறிய மின்கலம் ஒன்று தீர்ந்துபோனதால் நாள் பல ஆண்டுகள் பின்னே சென்றுவிட, வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றுகளெல்லாம் இன்னும் நடப்புக்கு வராதவையாக அதற்குத் தோன்றின. எஸ்.பி. ரோட்டில் சில ரூபாய்க்கு அம்மின்கலம் கிடைத்தது. நோய் ஓரிடம், வலி வேறிடம். நோயையும் அதன் முதலையும் நாடிய பின்னரே மருந்து என்று வள்ளுவர் வகுத்த முறை, பொறிக்கும் பொருந்துவதன்றோ?

எனினும், கற்ற பாடத்தையே கண்மூடிப் பற்றுவதும் ஆபத்து என்று 2023இல் உணர்ந்தேன். கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் பெண்ணொருத்தி வந்தாள். மூன்று நாளில் அவள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். அதன் ஒரே படி அவள் கணினிக்குள் இருந்தது. அதே கறுப்புத் திரை, அதே 'இனிட்ராம்எஃப்எஸ்'. "எனக்குத் தெரிந்த நோய்தான்" என்று மனம் துள்ளிற்று. கட்டளையைத் தட்டப்போன விரல், அக்காவை நினைத்து நின்றது. முழுவதும் படித்தேன். இம்முறை முரண்பாடு பற்றிய வரிக்கு மேலே, வட்டிலிருந்து படிக்க இயலவில்லை என்ற வரிகள் அடுக்கடுக்காக இருந்தன. காதை வைத்துக் கேட்டால், வட்டுக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஓசை. விரலளவு நினைவகத்திலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கி, வட்டு தன் உடல்நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவைக் கேட்டேன். படிக்க இயலாத பகுதிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதாக அது கூறிற்று.

முன்னதில் குழம்பியது அட்டவணை. இதில் சாகின்றது வட்டே. சாகும் வட்டின்மேல் அட்டவணையைத் திருத்த முற்பட்டால், படிக்க முடியாத பதிவுகளை இல்லாதவை என்று கொண்டு அக்கட்டளை நீக்கிவிடவும் கூடும். முன்பு உயிர் கொடுத்த மருந்தே இங்கு நஞ்சாகியிருக்கும்! வட்டில் ஓர் எழுத்தும் எழுதாமல், 'டிடிரெஸ்க்யூ' என்னும் கருவியைக் கொண்டு புதிய வட்டொன்றிற்குப் படியெடுத்தேன். படிக்க எளிதான பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கடினமானவற்றுக்குப் பின்னர்த் திரும்பி வரும் பொறுமையுடைய கருவி அது. இரவு முழுவதும் ஓடிற்று. காலையில் அந்தப் படியின்மீது அட்டவணையைச் சரிசெய்தேன். சில பாடல்கள் போயின, ஆய்வேடு பிழைத்தது. அப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு தரவேண்டும், மாமா?" என்றாள். "இனிமேல் எதையும் இரண்டு இடத்தில் வைத்துக்கொள், அம்மா, அதுவே போதும்" என்றேன்.

அன்று மாலை அக்கா வீட்டிற்குச் சென்றேன். ஆறாண்டுகளாகச் சுமந்ததை இறக்கி வைத்தேன். "வட்டு போகவில்லையக்கா; நான்தான் படிக்காமல் அழித்தேன்; உங்களிடம் பொய்யும் சொன்னேன்" என்றேன். அவர் சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சிறிது நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பெட்டி என்ன சொன்னது என்பதை அன்றைக்கே என்னிடமும் படித்துக் காட்டியிருக்கலாமே, தம்பி. படங்கள் இருக்கின்றன, பார்த்துச் செய் என்று சொல்லியிருப்பேன்" என்றார். அதற்குமேல் ஒன்றும் கூறாமல் உள்ளே சென்று காப்பி கொண்டுவந்து வைத்தார்.

இன்று என் வீட்டிற்கு எந்தக் கணினி வந்தாலும், அதற்குரியவரை அருகே அமர்த்திக்கொள்கிறேன். திரையில் உள்ளதை வரிவரியாகத் தமிழில் சொல்கிறேன். உள்ளே இழக்கக் கூடாதது என்ன என்று கேட்கிறேன். அதன் பின்னரே கை வைக்கிறேன்.