மூன்றாவது மாடி

மாநகரங்களில் பண்டங்களை ஆளின்றித் தானாகவே கொண்டுசேர்க்கும் வலையமைப்பு நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதைப் பலரும் வருங்காலத்தின் கேள்வியாகவே பேசுகின்றனர். எனக்கென்னவோ அது பழைய கேள்வியாகத்தான் படுகிறது. கட்டியே பார்த்துவிட்ட நகரங்கள் உண்டு.

சிக்காகோவில் 1899இல் தொலைபேசிக் கம்பிகளுக்கென்று தோண்டத் தொடங்கிய சுரங்கம் சில ஆண்டுகளில் சரக்குப் பாதையாக உருமாறியது. தரைக்குச் சுமார் 40 அடி கீழே, நகர மையத்தின் தெருக்களைத் தொடர்ந்து, ஏறத்தாழ 60 மைல் நீளத்திற்கு இரண்டடி அகலத் தண்டவாளம். சிறிய மின்ரயில்கள் பெருங்கட்டடங்களின் நிலவறைகளுக்கு நிலக்கரியைக் கொண்டுசென்று சாம்பலை அள்ளிவந்தன. அவற்றை ஓட்ட ஆட்கள் இருந்தனர். ஆளின்றி ஓட்டிக்காட்டியது இலண்டன். 1927 டிசம்பரில் தொடங்கிய அஞ்சல் சுரங்க ரயில், பாடிங்டனிலிருந்து வைட்சேப்பல் வரை ஆறரை மைல் தூரம் ஓட்டுநரே இல்லாமல் ஓடியது. மேலே மூடுபனியும் நெரிசலும் தெருக்களை அடைத்துக்கிடக்க, கீழே கடிதப் பைகள் தடையின்றிச் சென்றன. முக்கால் நூற்றாண்டு அப்படி ஓடியிருக்கிறது என்பதை, 'இதெல்லாம் கனவு' என்று கைவிரிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

சிக்காகோவின் பாதை 1959இல் நின்றது, இலண்டனுடையது 2003இல். இயந்திரம் தோற்றதால் அன்று, நகரம் நகர்ந்துவிட்டதால். சிக்காகோவில் லாரிகள் பெருகின. கட்டடங்கள் நிலக்கரியைக் கைவிட்டன. இலண்டனில் அஞ்சல் பிரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாக இடம்மாறின. அவற்றின் அடியிலிருந்த ரயில் நிலையங்களால் உடன் செல்ல முடியவில்லை. சாலைவழியே மலிவு என்று நிர்வாகம் கணக்குக் காட்டியது. சிக்காகோவின் கதைக்குக் கசப்பான பின்னுரை ஒன்றும் உண்டு. 1992 ஏப்ரலில் ஆற்றுநீர் அந்தச் சுரங்கத்தை உடைத்துப் புகுந்து, நகர மையத்தின் நிலவறைகளை வரிசையாக நிரப்பியது. சரக்கைச் சுமப்பதை விட்டு 33 ஆண்டுகள் ஆகியும் வலை அறுபடாமல் இருந்திருக்கிறது!

இப்போது சுரங்கமும் வேண்டாம், நடைபாதையே போதும் என்கிறார்கள். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் 2018 முதல் ஆறு சக்கரச் சிறுவண்டிகள் மளிகையைக் கொண்டுசெல்கின்றன. வெற்றிதான். ஆனால் அது திட்டமிட்டுக் கட்டிய ஊர். நடப்பவர்க்கும் மிதிவண்டிக்கும் தனிப்பாதைகள் அங்கே முன்பே இருந்தன. அந்த வண்டியும் வாசல்வரைதான் வரும். வீட்டுக்காரர் வெளியே வந்து மூடியைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் ஒரே கதவுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. இரண்டையும் சொன்ன பிறகும், 'பிள்ளையார் கோயிலை ஒட்டிய சந்து, இஸ்திரி வண்டிக்கு எதிரே' என்று சேர்த்துச் சொன்னால்தான் பொருள் வந்துசேரும். நடைபாதையைப் பற்றிப் பேசாமலிருப்பதே நாகரிகம்.

என்னிடம் முதுகலை பயிலும் மாணவர் ஒருவர் மாலை ஆறு மணிக்குமேல் உணவுப் பொட்டலங்களை வீடுகளுக்குக் கொண்டுசெல்கிறார். தானியங்கி வண்டிகளைப் பற்றி அவரிடம் ஒருநாள் கேட்டேன். "அது மூணாவது மாடி ஏறுமா, ஐயா?" என்றார். ஏறாது என்ற நம்பிக்கை அவர் குரலில் இருந்தது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஏற வேண்டிய தேவையே இல்லாமல் கட்டடத்தை அமைத்துவிடலாம். சிக்காகோவில் நிலவறைவரை பாதை போட்டவர்கள் அதைத்தான் செய்தார்கள். நம் ஊரிலும் தொடக்கம் ஆகிவிட்டது. சில அடுக்ககங்களில் பொட்டலத்தை வாயிற்காவலரிடமே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். வேறு சிலவற்றில் குடியிருப்போரின் மின்தூக்கியில் ஏறக்கூடாது, சரக்குத் தூக்கியில்தான் வரவேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சரக்குக்கென்று தனி வழி, அதைச் சுமப்பவருக்கும் அதே வழி.

ஆகவே இது தொழில்நுட்பத்தின் கணக்கு மட்டுமன்று. மேலே ஏறிவரும் காலுக்கு நாம் கொடுக்கும் கூலி குறைவாக இருக்கும்வரை எந்த முதலாளியும் சுரங்கம் தோண்டப்போவதில்லை. கூலி உயர்ந்தால் தோண்டக்கூடும். அம்மாணவர் கேட்ட கேள்விக்கு இந்த விடையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேர்வு நெருங்குகிறது, இரவுப் பணியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். மழைக்காலத்தில்தான் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்றார்.