11ஆந் திகதிக் காலை

மலைநாட்டுத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு, மாதத்தில் ஒரு காலை மற்றைய காலைகளைப் போன்றதன்று என்பதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. 10ஆந் திகதி சம்பளம். 11ஆந் திகதி காலையிலே பெரட்டுக்களத்தில் ஆட்கள் குறைவு. வந்து நிற்பவர்களிலும் சிலர் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண்களைச் சுருக்கியவாறு நிற்பார்கள். பேர் கூப்பிட்டால் இரண்டாந் தரத்துக்குத்தான் பதில் வரும். "வெறி இன்னும் முறியவில்லை" என்று பக்கத்திலிருப்பவர் மெதுவாகச் சொல்லுவார். நோயைக் குறிக்க அகராதியிலே நீண்ட சொல்லொன்றைத் தேடுவானேன்? இந்த மூன்று சொற்களே போதும்.

எமது தந்தையார் ஹட்டனுக்கு அப்பால், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கவ்வாத்து வெட்டுபவராக இருந்தார். தொழிலிற் கெட்டிக்காரர். அவர் வெட்டிய செடியின் முகம் மேசைபோல் ஒரே மட்டமாக இருக்கும் என்று கணக்கப்பிள்ளையே சொல்லக் கேட்டிருக்கிறோம். மாதத்தில் இருபத்தெட்டு நாட்கள் அவர் வாயிலிருந்து உரத்த சொல் ஒன்று பிறந்ததில்லை. மற்ற இரண்டு நாட்களைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

அந்நாட்களில் அன்னையாரின் சம்பளத்தையும் தந்தையாரே கைநீட்டி வாங்குவார். அது எமது வீட்டில் மட்டும் இருந்த வழக்கமன்று. பெரும்பாலான லயங்களில் அப்படித்தான். கொழுந்து பறிப்பவள் ஒருத்தி, கூலி எண்ணுபவர் வேறொருவர். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்கூலி என்பதே 1984ஆம் ஆண்டில்தான் வந்தது. கடைக்காரரின் கடன் கழித்து, சீட்டுக் காசு கழித்து, எஞ்சியதிற் பாதி தவறணைக்குப் போய்ச் சேரும். இரவு ஒன்பது மணிக்கு மேல் தந்தையாரை இருவர் தாங்கிக் கொண்டுவந்து காம்பிரா வாசலில் விடுவர். அன்னையார் ஒன்றும் பேசமாட்டார். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குப் பின்னே சாக்குமூட்டையொன்றைச் சாய்த்துவைத்து, ஒரு செம்பு நீரைத் தலைமாட்டில் வைப்பார். மல்லாந்து கிடப்பவன் வாந்தியெடுத்தால் அது மூச்சுக்குழலில் ஏறி உயிரையே வாங்கிவிடும் என்பதைப் பள்ளிக்கூடம் காணாத அப்பெண்மணி எப்படி அறிந்தார் என்பது இன்றும் எமக்கு வியப்பாகவே இருக்கிறது. இன்று முதலுதவி கற்பிப்பவர்கள் சொல்வதும் அதுவேயாகும்.

மறுநாட் காலையில் வைத்தியம் தொடங்கும். லயத்திலுள்ள ஒவ்வொரு காம்பிராவிலும் ஒவ்வொரு முறை. முதல் வீட்டார் பீலிக்கரைக்கு இழுத்துச் சென்று, பனிபோற் சில்லிட்ட தண்ணீரைத் தலையில் ஊற்றுவர். அடுத்த வீட்டார் கடுஞ்சாயம் காய்ச்சிச் சீனியில்லாமற் கொடுப்பர். தேசிக்காய்ப் புளியைத் தலையில் தேய்ப்பாரும் உண்டு. எமது அன்னையார் முதல்நாட் சோற்று நீரில் உப்பிட்டு, சிறிய வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கொடுப்பார். கடைசிக் காம்பிராக் கிழவர் ஒருவர் மட்டும் இவை அனைத்தையும் இகழ்ந்து, "முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும்" என்று போத்தலின் அடியில் மீந்ததை நீட்டுவார். அவருடைய வைத்தியத்துக்கே வாடிக்கையாளர் அதிகம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இவற்றுள் எது மெய், எது பொய் என்பதைப் பிற்காலத்தில் ஆசிரியத் தொழிலுக்கு வந்து, மாணவருக்கு உடலியல் சொல்லிக் கொடுக்கும்போதுதான் அறிந்துகொண்டோம். வயிற்றிற் சென்ற மது இரத்தத்திற் கலந்து ஈரலை அடைகிறது. ஈரல் அதனை முதலில் அசற்றல்டிகைட்டு என்னும் நச்சுப் பொருளாகவும், பிறகு தீங்கற்ற அசற்றேற்றாகவும் மாற்றுகிறது. இந்த வேலையை அது தன் போக்கிலேதான் செய்யும். மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் அதனால் முடியும். குளிர்ந்த நீரை ஊற்றினாலும், கடுஞ்சாயம் குடித்தாலும், மலையைச் சுற்றி ஓடினாலும் ஈரல் விரைந்து வேலைசெய்யப் போவதில்லை. நித்திரை கலைந்த குடிகாரனாவதே கண்ட பலன்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். சாராயத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மது. அரைப் போத்தல் என்பது 375 மில்லிலீற்றர். அதில் மது 125 மில்லிலீற்றர், நிறையிற் சொன்னால் நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதனை ஈரல் கழித்துத் தீர்க்கப் பத்து மணி நேரம் முதற் பதினான்கு மணி நேரம்வரை வேண்டும். இரவு ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடித்தவர் காலை ஆறரைக்குப் பெரட்டுக்கு வரும்போது, வெறி முறிந்துவிட்டதென்று தாமே நம்பினாலும், இரத்தத்தில் மது இன்னும் மிச்சமிருக்கக் கூடும்.

இந்தக் கணக்கை எமது தந்தையார் அறியார். 1981ஆம் ஆண்டில் ஒரு 11ஆந் திகதி. தலைவலியோடு போனவர் ஒன்பது மணியளவில் திரும்பி வந்தார். இடக்கையைச் சாரத்துணியாற் சுற்றியிருந்தார். சரிவிலே கால் வழுக்க, கவ்வாத்துக் கத்தி செடிக்குப் பதிலாகக் கையிற் பாய்ந்துவிட்டது. கவ்வாத்துக் கத்தியைக் கண்டவர்களுக்கு அதன் கூர்மையை விவரிக்க வேண்டியதில்லை. ஒரே வீச்சிற் கிளை அறாவிட்டாற் செடி பிளந்து நோய் பிடிக்கும் என்பதற்காக நாள்தோறும் தீட்டப்படும் கத்தி அது. விரல் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஆயினும் பின்பு மடங்கவேயில்லை. எமக்கு அப்போது வயது பன்னிரண்டு. வைத்தியசாலைக்குப் போகும் லொறியில் அவர் எம்மிடம், "தம்பி, கை நடுங்கிச்சு, நான்தான் கவனிக்கல்லே" என்று மட்டும் சொன்னார். குளிரினால் நடுங்கியது என்று தோட்டத்திற் சொல்லிக்கொண்டோம்.

குளிர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மலையிலே குடிப்பவர் யாரைக் கேட்டாலும் குளிருக்காகவே குடிப்பதாகச் சொல்வார். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாதத்திற் சில விடியற்காலைகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். அந்தக் குளிருக்குச் சூடு தேடுவது இயற்கைதானே என்று தோன்றும். ஆனால் மது சூட்டை உண்டாக்குவதில்லை. தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை விரியச் செய்து, உள்ளே இருக்கவேண்டிய சூட்டை வெளியே கொண்டுவந்து காட்டுகிறது. முகம் சூடாகும், உடல் குளிரும். வெறியிலே பாதையோரத்திற் படுத்துவிட்டவனை அப்படியே விட்டுச் செல்லலாகாது என்பது இதனாலேதான். நுவரெலியாவில் முதன்முதற் பியர் வடித்தவர் 1840களின் இறுதியில் அங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர். அவரைச் சேர்ந்த துரைமார் கணப்படுப்பின் அருகே, கம்பளி விரிப்பின்மேல் இருந்து குடித்தார்கள். லயத்துக்காரன் ஒழுகும் தகரத்தின் கீழ் குடித்தான். குளிர் இருவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

மறுநாட் துன்பத்துக்குக் காரணம் ஒன்றன்று. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் சுரப்பை மது அடக்கிவிடுவதால், குடித்ததற்கும் மேலாக நீர் வெளியேறுகிறது. நாவறட்சியும் தலைச்சுற்றும் பெரிதும் அதனால் வருவன. இரைப்பையின் உட்சுவர் புண்படுகிறது. குமட்டல் அதன் விளைவு. வெறும் வயிற்றோடு குடித்தவனுக்கு இரத்தத்திற் சீனி குறைந்து கைகால் பதறுகிறது. இரவெல்லாம் மரம்போற் கிடந்தவன் நன்றாக உறங்கினான் என்று நினைக்கிறோம், அதுவும் பிழை. முன்னிரவில் ஆழ்த்திய மதுவே பின்னிரவில் உறக்கத்தைக் குலைக்கிறது.

இதிலிருந்து பார்த்தால் எமது அன்னையாரின் உப்பிட்ட சோற்று நீர் எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். இழந்த நீர், இழந்த உப்பு, கொஞ்சம் மாச்சத்து ஆகிய மூன்றும் அந்த ஒரு கோப்பையில் இருந்தன. இன்று மருந்துக் கடையில் வாங்கும் ஜீவனிப் பொதி செய்வதும் ஏறக்குறைய அதுவே. ஆனால் அதுவும் வெறியை முறித்துவிடாது. உடலுக்குத் துணை நிற்கும், அவ்வளவுதான். 2005ஆம் ஆண்டிற் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் மூன்று ஆய்வாளர்கள், இந்நோய்க்கெனச் சோதிக்கப்பட்ட மருந்துகளையும் மூலிகைகளையும் திரட்டிப் பார்த்து, தடுப்பதற்கோ தீர்ப்பதற்கோ உறுதியாகப் பயன்படுவது எதுவுமில்லை என்று எழுதினார்கள். கடைசிக் காம்பிராக் கிழவரின் முறையோ வைத்தியமே அன்று. காலையில் மறுபடி ஊற்றுவதால் நோவு தள்ளிப்போகிறது. கடன் வட்டியோடு மாலையில் வந்து நிற்கிறது. நாள் தவறாது அப்படிச் செய்து செய்தே அக்கிழவர் போத்தலில்லாமல் எழுந்திருக்க முடியாத நிலையை அடைந்தார். அந்நிலையை அடைந்துவிட்டவர் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் காணும். அவரை வீட்டிற் கட்டிவைக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

நாமும் புத்தராகப் பிறந்தவரல்லோம். ஆசிரியர் நியமனம் கிடைத்த ஆண்டில், நண்பர் ஒருவரின் கலியாண வீட்டில், எமக்கும் ஒரு கண்ணாடிக் குவளை நீட்டப்பட்டது. பிறகு இன்னொன்று. மறுநாட் காலையில் ஒரு சேவல் கூவியது எமது மண்டைக்குள் நின்று கூவியதுபோல இருந்தது. தலைவலி தாங்காமல் இரண்டு பனடோல் எடுத்துக்கொண்டோம். பிறகு டிஸ்பிரினும் எடுத்தோம். இரண்டும் தவறென்று அப்போது தெரியாது. மதுவைச் சமாளித்துக்கொண்டிருக்கும் ஈரலுக்குப் பரசிற்றமோல் மேலும் சுமை. ஏற்கெனவே புண்பட்ட இரைப்பைக்கு அஸ்பிரின் எரிகிற வீட்டில் எண்ணெய். வீட்டுக்கு வந்தபோது அன்னையார் எமது முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பழைய சோற்று நீரை வடித்து, உப்பிட்டுக் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கோப்பையை நாம் முன்பு யார் கையிற் கண்டோம் என்பது நினைவுக்கு வந்தபோது பட்ட வெட்கம், தலைவலியிலும் நீண்ட நாள் நின்றது.

கசிப்பைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமற் போகலாகாது. தவறணை மூடியிருக்கும் போயா நாளிலும், கையிற் காசு குறைந்த நாளிலும், பற்றைக்குள் கோடா ஊறும் பீப்பாய் தேடிப் போவார் உண்டு. அதில் என்ன கலந்திருக்கிறதென்று விற்பவனே அறியான். மெதனோல் கலந்துவிட்டால், அது உடலில் போமிக்கமிலமாக மாறிக் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும். தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் 2024 யூன் மாதத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இதனால்தான். கொடுமை என்னவெனில், முதலில் அது சாதாரண மறுநாள் நோவுபோலவே தோன்றும். பல மணி நேரம் கழித்துக் கண் மங்கும். எங்கும் பனிமூட்டம்போல் தெரியும். மூட்டம் என்றும் நீங்காத மலையிலே வாழ்பவன் அதனை நோயென்று உணரும்முன் காலம் கடந்துவிடும். பார்வை மங்கினாலும், மூச்சு வேகமாக வாங்கினாலும், வாந்தி நில்லாவிட்டாலும், எழுப்பியும் எழாவிட்டாலும் மோரும் வேண்டாம், தேசிக்காயும் வேண்டாம், உடனே வைத்தியசாலை.

1927ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள், மலைநாட்டுத் தொழிலாளரைப் பார்த்து மதுவை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2006ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மது விற்பதைத் தடைசெய்தது. நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தபோது, அந்த உயர்வில் எவ்வளவு அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை வீட்டுப் பெண்களைக் கேட்டாற் சொல்லுவார்கள். சம்பளத்தைத் தம் கையாலேயே வாங்கும் பெண்கள் இன்று பலர். அதுவே எந்தப் பிரசங்கத்தையும்விடக் கூடுதலாக வேலைசெய்திருக்கிறது என்பது எமது எண்ணம்.

தந்தையார் கை ஆறிய பிறகும் குடியை அடியோடு விட்டாரில்லை, உள்ளதைச் சொல்லவேண்டும். ஆனால் சம்பளத்தன்று மாலையில் முதலில் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டே வெளியே போவார். அரைப் போத்தல் காற்போத்தலாயிற்று. 11ஆந் திகதி காலையிற் கணக்கப்பிள்ளையிடம் போய், "ஐயா, இன்னைக்குக் கான் வெட்டுக்குப் போடுங்க" என்று தாமாகவே கேட்டுக்கொள்வார். கான் வெட்ட மண்வெட்டிதான் வேண்டும். அவர் இறக்குமட்டும் அந்த நாளிற் கவ்வாத்துக் கத்தியைத் தொடவில்லை.

சென்ற தீபாவளிக்கு மறுநாள், கொழும்பில் ஒரு கடையில் வேலைபார்க்கும் எமது மருமகன் விடுமுறைக்கு லயத்துக்கு வந்தவன், தொலைபேசியில் அழைத்தான். குரலே காட்டிக்கொடுத்தது.

"மாமா, தலை பிளக்குது. ஏதாச்சும் மாத்திரை சொல்லுங்க. நீங்க படிச்சவங்க."

"தண்ணீர் குடி. உப்புக் கஞ்சி குடி. படுத்துத் தூங்கு. மோட்டார் சைக்கிளைத் தொடாதே."

"அதெல்லாம் அம்மாவே சொல்லிட்டாங்க. வேற ஒண்ணும் இல்லையா மாமா?"

இல்லை என்றோம்.