பாளைச் சாறும் வடிசாலையும்

பனம்பாளையின் சாறு, சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்கினால் கருப்பநீர். வெறும் முட்டியில் இறங்கினால் கள். அந்தக் கள்ளை வடித்தால் சாராயம். யாழ்ப்பாணத்தில் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு அராலிப் பக்கம் கடலேரியில் சேர்கிறது. அதை அடுத்த வட்டுக்கோட்டை வயல்களின் ஓரத்துப் பனங்கூடல்களில் இந்தத் தொழிலின் முதற்பாதியைக் காணலாம். மறுபாதிக்கு வடமராட்சியின் திக்கம் வடிசாலை பேர்பெற்றது.

தை பிறந்தபின் பாளைகள் வெளிவரும். மாசி, பங்குனி, சித்திரையில் வேலை உச்சத்தில் இருக்கும். ஆண்பனையின் பாளை விரல்விரலாகப் பிரிந்து நிற்பதால், அவற்றைச் சேர்த்துக் கட்டி, மரக் கடிப்பால் சில நாட்கள் மெல்ல நசுக்கிப் பதப்படுத்தவேண்டும். அழுத்தம் கூடினால் பாளை பழுதாகும், குறைந்தால் சாறு இறங்காது. இந்தப் பதத்தைச் சொல்லும் கருவி எதுவும் இல்லை. சீவல் தொழிலாளியின் கைதான் அறியும். பிறகு நுனியைச் சீவி முட்டி கட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் பாளைக் கத்தி எடுக்கும் சீவல் நகத்தின் தடிப்பைத் தாண்டக்கூடாது. தடிப்பாகச் சீவினால் பருவம் முடியுமுன்னரே பாளை முடிந்துவிடும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைபடும். அதனால் காலையும் மாலையும் ஏறியே ஆகவேண்டும். காலில் தளைநார், இடுப்பில் கத்திக்கூடு. திருவிழா நாளானாலும் மரம் காத்திருக்காது.

சாற்றில் 100க்கு 12 முதல் 15 பங்குவரை சீனிச்சத்து உண்டு. காற்றிலும் முட்டியின் சுவரிலும் உள்ள மதுவங்கள் அதை உடனே பிடித்துக்கொள்ளும். காலையில் இறக்கிய முட்டியின் வாயில் வெண்ணுரை பொங்கி நிற்கும், அதில் தேனீக்களும் எறும்புகளும் மிதக்கும். பன்னாடையால் வடித்தால் அவை தங்கிவிடும், கள் இறங்கிவிடும். குடிப்பதற்கு ஓலையை மடித்துக் கட்டிய பிளா. வடியையும் ஏனத்தையும் பனையே தருகிறது. எறிந்தால் இரண்டும் மண்ணாகும். கூடிய நேரம் வைத்தால் கள் புளித்து வினாகிரியாகும். தவறணையில் விற்று மிஞ்சுவதை வீணாக்காமல் காக்கும் வழிதான் வடித்தல். பருவத்தில் கள் பெருகும்போது கூட்டுறவுச் சங்கங்கள் மேலதிகக் கள்ளைச் சேர்த்து வடிசாலைக்கு அனுப்புவதன் காரணம் இதுவே.

வடித்தலின் கணக்கு எளிது. மதுசாரம் 78 பாகையில் கொதிக்கும், நீர் 100 பாகையில். கள்ளைச் சூடாக்கி ஆவியைக் குளிர்த்தினால் மதுசாரம் செறிந்த திரவம் கிடைக்கிறது. முதலில் சொட்டுவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியை எடுப்பதில்தான் வடிப்பவரின் திறமை இருக்கிறது. பனஞ்சாராயத்தில் பனையின் மணம் தங்கவேண்டும். ஜின் இதற்கு நேர்மாறானது: மணமற்ற மதுசாரத்தை எடுத்து, ஜூனிப்பர் காயையும் வேறு மூலிகைகளையும் அதோடு சேர்த்து மணமூட்டுவது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டு மூலிகைகள் கிடைப்பது அரிதானபோது, கொழும்பின் ரொக்லண்ட் வடிசாலை கறுவா, இஞ்சி, கறிவேப்பிலை போன்ற உள்ளூர்ப் பொருட்களைச் சேர்த்து ஜின் வடித்தது. அந்த வழியில் வந்த கொழும்பு ஜின் இன்று வெளிநாடுகளிலும் விலைபோகிறது. கறிவேப்பிலையும் தேசிக்காயும் வட்டுக்கோட்டை வளவுகளில் தாராளமாக உண்டு, ஜூனிப்பர் இல்லை. ஆனால் மணத்தை மட்டுமன்றி மதுசாரத்தையே உள்ளூர் மரத்திலிருந்து எடுக்கும் பனஞ்சாராயம், உள்ளூர்த்தன்மையில் ஜின்னுக்கு ஒரு படி மேலே நிற்கிறது. அதை அந்தப் பெருமையோடு விற்காதது நம்முடைய குறை.

பனைக்கு உரமோ நீர்ப்பாசனமோ தேவையில்லை; நூறாண்டு தாண்டியும் நிற்கும். இருந்தும் தொழிலின் எல்லாக் கட்டமும் மாசற்றதல்ல. கொதிகலனுக்கு எரிபொருள் வேண்டும். வடித்தபின் எஞ்சும் கழிவுநீர் புளிப்பும் கரிமச்சத்தும் நிறைந்தது. யாழ்ப்பாணத்தின் அடித்தளமோ வெடிப்பும் துவாரமும் உள்ள சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது கிணற்றுக்கு இறங்க நாள் எடுக்காது. குடிநீருக்கும் தோட்டத்துக்கும் கிணற்றையே நம்பும் குடாநாட்டில், கழிவைச் சுத்திகரித்து விடாத வடிசாலை எதுவும் தன்னை இயற்கைவழி என்று அழைக்கக்கூடாது.

வட்டுக்கோட்டை என்றதும் 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரியும், 1976இன் தனிநாட்டுத் தீர்மானமும் நினைவுக்கு வருகின்றன. சீவல் தொழிலாளர் அந்த நினைவில் இடம்பெறுவது அரிது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மரங்களில் ஏறினார்கள். அவர்கள் இறக்கிய கள் வேண்டியிருந்தது, அவர்களைத்தான் முற்றத்துக்கு அப்பால் நிறுத்தினார்கள். 1970களின் தொடக்கத்தில் உருவான தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணையைக் குத்தகைக்காரரின் கையிலிருந்து மீட்டன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. போர் வந்து பனைகளைக் காவலரண்களுக்காகத் தறித்தது. எறிகணைகள் எஞ்சியவற்றின் தலையைக் கொய்தன. சீவலாளர் பலர் இடம்பெயர்ந்து தொழிலை விட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் மரமேற விரும்பாததில் குற்றம் காண இடமில்லை. தளைநார் நழுவினால் உயிருக்கே ஆபத்து, பருவம் முடிந்தால் வருமானமும் இல்லை.

ஏறும் கருவிகளை ஆக்கிப் பார்த்திருக்கிறார்கள். மரத்தண்டில் ஏற அவை உதவும். வட்டுக்குள் நுழைந்து, கருக்குமட்டை கீறாமல் நின்று பாளையைக் கடிப்பால் நசுக்கும் வேலைக்கு இன்னும் கைதான். புதிதாக ஊன்றும் பனங்கொட்டை வடலியாகிப் பாளை விட 15 ஆண்டுகள்வரை, சிலவேளை அதற்கும் மேலே, செல்லும். ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும்.