70 வளைவுகள், 2 அங்குலம்: கொல்லிமலை ஏறிய தார்!

கொல்லிமலை போய் வந்தவர்கள் ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீஸ்வரர் கோயிலையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால், 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான் பேசுவார்கள். நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காரவள்ளி. அதுதான் மலையடிவாரம். அங்கிருந்து சோளக்காடு போய்ச் சேரும்வரை வண்டி இடதும் வலதுமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியின் குணம் என்ன என்பதை இந்த மலைச்சாலை ஒளிக்காமல் சொல்லிவிடும்.

மாமாவின் தார் ஜீப்பைப் பற்றியும் அப்படித்தான் சொன்னது.

2020-ல் அறிமுகமான புதிய மாடல் தார் அது. கம்பெனியிலிருந்து வரும்போதே அடிப்பாகத்துக்கும் தரைக்கும் 226 மி.மீ இடைவெளி உண்டு. மாமாவுக்கு அது போதவில்லை. ஸ்பேசர் வைத்து 2 அங்குலம் தூக்கினார். பட்டன் வைத்த பெரிய டயர், கூரைமேல் இரும்பு கேரியர் என அடுத்தடுத்து ஏறின. பார்க்க கம்பீரம்தான். காட்டுப் பாதையில் கல்லும் பள்ளமும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆனால், கணக்குப் பார்த்தால் அந்த ஜீப் காட்டில் ஓடுவது வருடத்துக்கு நாலு நாள். மற்ற நாளெல்லாம் தார் ரோடுதான். பின் சீட்டில் குடும்பம்தான்.

முதல் பயணத்தில் பதினோராவது வளைவிலேயே அம்மாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "சாமி, வண்டிய ஓரங்கட்டு. தூளியில போட்டு ஆட்டுற மாதிரி இருக்குது" என்றார். அதைவிட பயம், எதிரே பஸ் இறங்கியபோது வந்தது. மாமா ஸ்டியரிங்கை ஒடித்த பிறகு வண்டி வெளிப்பக்கமாகச் சாய்ந்து, ஒரு நொடி தாமதித்துத்தான் திரும்பியது. மலைச்சாலையில் ஒரு நொடி என்பது சின்ன விஷயம் இல்லை.

லாரி ஊரில் கிடைத்த பதில்

லாரி பாடி கட்டுவதற்குப் பேர்போன ஊர் நாமக்கல். பல வருடம் லாரிகளோடு மல்லுக்கட்டிய ஒரு மெக்கானிக், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "ஏனுங்க, ஒசரத்த மட்டும் ஏத்திப்போட்டு மத்ததெல்லாம் அப்படியே உட்டுப்போட்டீங்களே!" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். வண்டியைத் தூக்கும்போது அதன் எடை மையமும் மேலே போகிறது. கூடவே, சக்கரங்களைப் பிடித்திருக்கும் கம்பிகள், ஆர்ம்களின் கோணம் எல்லாம் மாறிவிடுகிறது. மாறிய கோணங்களைத் திரும்பச் சரிசெய்யாவிட்டால், தார் ரோட்டில் சொகுசும் போய்விடும், பிடிப்பும் போய்விடும்.

செலவில்லாத வேலையில் இருந்து தொடங்கினார். முதலில் கேரியரைக் கழற்றினார். உச்சந்தலையில் இருக்கும் 40 கிலோ, தரையோரம் இருக்கும் 40 கிலோவைவிட வண்டியை அதிகமாகச் சாய்க்கும். அடுத்தது காற்று. மணலுக்காகக் குறைத்த காற்றோடு ரோட்டில் ஓட்டினால் டயர் நெளியும், சூடாகும். ரொம்ப ஏற்றினாலோ ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவில் தொடங்கி, போட்டிருக்கும் டயருக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதுதான் வழி.

பிறகு வீல் அலைன்மென்ட். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதும், கையை விட்டாலும் சக்கரம் நேராகப் போக உதவுகிறது. அதே மாதிரி சாய்வு ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் உண்டு, பெயர் காஸ்டர். வண்டியைத் தூக்கும்போது அது குறைந்துவிட்டால், நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும், ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. அலைன்மென்டில் சரியாகாவிட்டால், அதற்கென வரும் மேல் ஆர்ம் மாற்ற வேண்டியிருக்கும்.

மாமா கையைக் கடித்தது ஷாக் அப்சார்பர்தான். ஸ்பேசர் வைத்தால் ஸ்பிரிங் உயருமே தவிர, ஷாக்கின் நீளம் கூடாது. சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமில்லாமல் 'டக்'கென்று இடிக்கும். ஸ்பேசரை எடுத்துவிட்டு, அந்த உயரத்துக்கும் எடைக்கும் பொருந்துகிற ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்த்துப் போட்டார்கள். சாய்வைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பிக்கு நீளமான லிங்க் வந்தது. பின் அச்சு ஒரு பக்கமாக நகர்ந்திருந்ததை, நீளம் மாற்றக்கூடிய பானார்ட் ராடு கொண்டு நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். பட்டன் டயருக்குப் பதில், ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைன் டயர்.

மீண்டும் காரவள்ளி

அடுத்த முறை ஏறும்போது வண்டி கார் போல ஆகிவிடவில்லை; உயரமான வண்டி உயரமான வண்டிதான். ஆனால் சாய்வது ஒரே சீராக இருந்தது, திருப்பினால் உடனே திரும்பியது. மாமாவும் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியரில் நிதானமாக ஏற்றினார். நாற்பது வளைவு தாண்டியும் அம்மாயி பலகாரப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். சோளக்காட்டில் இறங்கி, மிளகுக்கு பேரமும் பேசினார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஜீப் இருந்தால், இன்னும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மூக்கு தூக்கியதும் ஹெட்லைட்டும் மேலே பார்க்கும். எதிரே வருபவரின் கண் கூசாமல் இறக்கி வையுங்கள். டயரின் விட்டம் 5 சதவிகிதம் பெரிதானால், மீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 63. முக்கியமாக, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மற்றபடி, கொல்லிமலையைப் பார்க்க 2 அங்குல உயரம் கட்டாயமே இல்லை. காற்றும் பிரேக்கும் சரியாக உள்ள சாதாரண கார் போதும். ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளுக்கு, எந்த ஜீப்பாக இருந்தாலும் உதவாது. அங்கே உங்கள் முழங்கால்தான் ஷாக் அப்சார்பர்!